கிலோவும் ராத்தலும்: எடை தூக்கத் தொடங்குகிறவர்களுக்கு

எடை பார்ப்பதுதான் என் பிழைப்பு. மலேசியாவில் பகாவ் நகரத்திலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் ஒரு செம்பனை ஆலையின் எடைமேடையில் பத்தொன்பது ஆண்டுகளாகக் கிராணியாக (எழுத்தராக) இருக்கிறேன். குலை ஏற்றிக்கொண்டு வரும் லோரியை உள்ளே நுழையும்போது ஒரு முறை நிறுப்போம். குலைகளைக் கொட்டிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது மறுபடியும் நிறுப்போம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் காசு. ஐம்பது கிலோ இடித்தாலும் ஓட்டுநர் சண்டைக்கு வந்துவிடுவார் என்பதால், எந்த எண்ணையும் சந்தேகத்தோடு பார்ப்பது எனக்குத் தொழில் பழக்கமாகவே ஆகிவிட்டது. அப்படிப்பட்ட நான், ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, நாற்பத்தோராவது வயதில், தூக்கப்போகும் கம்பியில் எவ்வளவு எடை இருக்கிறது என்று பார்க்காமல் தூக்கி, முதுகைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

போன மாதம் என் அக்காள் மகன் ஜிம்மில் சேர்ந்தான். அவனுக்குப் பத்தொன்பது வயது. கைப்பேசியில் பார்த்த காணொளிகளின் புண்ணியத்தில் எல்லாப் பயிற்சிகளின் பெயரும் அவனுக்குத் தெரியும். “மாமா, எவ்வளவு வெயிட்ல ஆரம்பிக்கணும்?” என்று அவன் கேட்டபோது ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆலையில் என்னோடு வேலை செய்கிறவர்களும் என் தொப்பை குறைந்ததைப் பார்த்து இதே கேள்வியை வெவ்வேறு விதமாகக் கேட்கிறார்கள். நான் பயிற்சியாளனும் அல்லன், மருத்துவனும் அல்லன். பட்டுத் தெரிந்துகொண்டதையும், அதன் பிறகு தேடிப் படித்துச் சரிபார்த்துக்கொண்டதையும் மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த விபத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் சேர்ந்த இடம் ஒரு கடைவீட்டின் மாடி. கீழே மளிகைக் கடை. மேலே இரண்டு காற்றாடிகள், ஒரு பெரிய கண்ணாடி, யார் யாரிடமிருந்தோ வாங்கிச் சேர்த்த பழைய இரும்புத் தட்டுகள். நான்காவது வாரம். என் உடல் எடை அப்போது 86 கிலோ. பக்கத்தில் ஒரு பையன் 120 கிலோவைத் தரையிலிருந்து எடுத்து இடுப்புக்குக் கொண்டுவந்து நிமிர்ந்து நின்றதைப் பார்த்ததும், 110 கிலோவாவது தூக்காவிட்டால் மரியாதை இல்லை என்று எனக்குத் தோன்றியது. கம்பியின் எடை 20 கிலோ. இரண்டு பக்கமும் 20 கிலோ இரப்பர் தட்டுகள் ஏற்கெனவே மாட்டியிருந்தன. வெளிப்புறத்தில் ‘25’ என்று பொறித்த தட்டு பக்கத்துக்கு ஒன்றாக மாட்டினேன். மொத்தம் 110. கணக்கு சரிதான். ஆனால் ஒரு பக்கத்துத் தட்டில் 25க்குப் பக்கத்தில் பொறித்திருந்தது கிலோ அன்று, பவுண்டு. எங்கள் பெரியவர்கள் மொழியில் சொன்னால் ராத்தல். 25 ராத்தல் என்பது 11.3 கிலோ. பெரிய இரப்பர் தட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதால், நடுவில் நின்ற எனக்கு அது சிறியது என்பதும் தெரியவில்லை.

கம்பியின் ஒரு முனை குபீரென்று மேலே வந்தது. மறு முனை தரையை விட்டு அகல மறுத்தது. 13 கிலோவுக்கு மேல் வித்தியாசம். அந்தக் கணத்தில் கைவிட்டிருந்தால் தட்டுகள் மட்டும் தரையில் மோதியிருக்கும். நான் அதைக் காப்பாற்றுகிறேன் என்று இடுப்பைத் திருப்பினேன். முதுகின் அடியில் யாரோ கயிற்றைச் சுண்டி இழுத்ததுபோல் இருந்தது. அங்கே பொறுப்பில் இருந்தவர் வந்து பார்த்து, கம்பியைப் பிடித்துக் கொஞ்ச நேரம் தொங்கினால் சரியாகிவிடும் என்றார். தொங்கினேன். சரியாகவில்லை. மூன்று வாரங்களுக்கு என் காலணிக் கயிற்றை மனைவிதான் கட்டிவிட்டாள். லோரிகளை வாழ்நாளெல்லாம் இரண்டு முறை நிறுத்தவன் என்று ஆலையில் கேலி ஓய இரண்டு மாதமாயிற்று.

அரசாங்க மருத்துவமனையில் என்னைப் பார்த்த இயன்முறைச் சிகிச்சையாளர் ஒரு மலாய்க்காரப் பெண்மணி. படுத்தே கிடக்கக் கூடாது, வலி பொறுக்கிற அளவுக்கு நடக்க வேண்டும் என்பதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை. முதுகு உடைந்துவிடவில்லை, பழக்கமில்லாத வேலையைத் திடீரென்று கொடுத்ததால் கோபித்துக்கொண்டிருக்கிறது என்றார். ஆனால் காலில் மரத்துப்போவது, பலமிழப்பது, தொடையிடுக்கில் உணர்ச்சி குறைவது, சிறுநீரை அடக்க முடியாமல் போவது ஆகிய இவற்றில் ஏதாவது முதுகுவலியோடு சேர்ந்து வந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்றும் எச்சரித்தார். எடை தூக்குகிற ஒவ்வொருவரும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய எச்சரிக்கை அது.

இப்போது என் மருமகனின் கேள்விக்கு வருகிறேன். தொடக்க எடை என்பது, பத்து முறை தூக்கி இறக்கிய பிறகும் இன்னும் நான்கைந்து முறை முடியும் என்று உடம்பு சொல்கிற எடை. அது வெறும் கம்பியாக இருக்கலாம். பலருக்கு அந்த 20 கிலோ கம்பியே அதிகம், அவர்கள் 5 கிலோ டம்பெல்லோடு தொடங்க வேண்டும். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. முதல் சில வாரங்களில் பலம் விறுவிறுவென்று கூடுவதற்கு முக்கியக் காரணம் தசை பருப்பது அன்று. ஏற்கெனவே இருக்கிற தசையை ஒன்றாக வேலை வாங்க நரம்புகள் கற்றுக்கொள்வதே காரணம். அந்தக் கல்விக்கு இலேசான எடையும் சுத்தமான அசைவும் போதும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநார்கள் தசையைவிட மெதுவாகத்தான் இறுகுகின்றன என்பதால், ‘இன்னும் தூக்கலாம்’ என்று தசை சொல்லும்போதே முழங்கையும் முழங்காலும் ‘வேண்டாம்’ என்று முனகத் தொடங்கிவிடும். இளைஞர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

மூன்றாவது நான்காவது வாரத்தில் எடையை உயர்த்தி, ஒவ்வொரு சுற்றையும் ‘இன்னும் இரண்டு முறைதான் முடியும்’ என்கிற இடத்தில் நிறுத்தலாம். ஒரு பயிற்சிக்கு மூன்று சுற்று. சுற்றுக்கு எட்டு முறை. அடுத்தடுத்த பயிற்சி நாள்களில் அதே எடையை ஒன்பது, பத்து என்று கூட்டி, மூன்று சுற்றிலும் பன்னிரண்டு வந்த பிறகு 2.5 கிலோ சேர்த்து மறுபடியும் எட்டுக்கு இறங்க வேண்டும். பக்கத்துக்கு ஒரு 1.25 கிலோ தட்டு. ஜிம்மில் யாரும் தொடாமல் மூலையில் கிடக்கிற அந்தக் குட்டித் தட்டுகள்தான் தொடங்குகிறவனுக்கு உற்ற நண்பர்கள். சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே இரண்டு மூன்று நிமிடம் ஓய்வு. அந்த நேரத்தில் கைப்பேசியை எடுத்தால் அது எட்டு நிமிடம் ஆகிவிடும் என்பது என் அனுபவம்.

சரவாக்கைச் சேர்ந்த நம் பாராலிம்பிக் வீரர் போனி புன்யாவ் குஸ்தின், 2021இல் நடந்த தோக்கியோ போட்டியில் 72 கிலோ பிரிவில் தங்கம் வென்றபோது படுத்தபடி தூக்கியது 228 கிலோ. 2024இல் பாரிஸில் மறுபடியும் தங்கம் வென்றபோது தூக்கியது 232 கிலோ. ஒரு தங்கத்துக்கும் அடுத்த தங்கத்துக்கும் இடையே நான்கு கிலோ. உலகத்திலேயே தலைசிறந்தவர் மூன்று ஆண்டில் கூட்டிய அந்த நான்கு கிலோவை, புதிதாக வருகிற ஒருவன் ஒரே மாதத்தில் கூட்டிவிட முடியும். அந்தச் சலுகை தொடக்க காலத்துக்கு மட்டுமே உரியது. அதை ஒரே நாளில் செலவழித்துவிட நினைத்ததுதான் நான் செய்த தவறு. மருமகனின் அறையில் போனியின் படம் இருக்கிறது. கணக்கை அவனுக்கு இப்படித்தான் சொல்லி விளங்கவைத்தேன்.

என்னென்ன பயிற்சி என்று பெரிய பட்டியல் தேவையில்லை. உட்கார்ந்து எழுவது, குனிந்து எடுப்பது, தள்ளுவது, இழுப்பது, சுமந்து நடப்பது. வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள், இந்த ஐந்தையும் செய்தால் உடம்பில் பெரிய தசை எதுவும் விடுபட்டுப்போகாது. தள்ளுவதற்குத் தண்டால் போதும்; தரையில் வராவிட்டால் சமையலறை மேடையில் கையூன்றிச் செய்து, வாரங்கள் போகப்போக நாற்காலி, படிக்கட்டு என்று இறங்கி வரலாம். இழுப்பதற்கு ஒரு கையால் நாற்காலியைப் பிடித்துக் குனிந்து, மறு கையால் டம்பெல்லை இடுப்புப் பக்கம் இழுப்பதே போதும். கண்ணாடியில் தெரிகிற மார்பையும் புஜத்தையும் மட்டும் பார்த்துக்கொண்டு, கண்ணாடியில் தெரியாத முதுகை மறந்துவிடுகிற பையன்கள் கொஞ்ச நாளில் தோளைத் தடவிக்கொண்டு நிற்பதைப் பார்க்கிறேன்.

உட்கார்ந்து எழுவதற்கு நம்மிடம் தோப்புக்கரணம் இருக்கிறது. பிள்ளையார் முன்னால் மூன்று போட்டுவிட்டு வந்துவிடுகிறோம். அதையே தொடை தரைக்குச் சமமாக வருகிற வரைக்கும் இறங்கி, குதிகால் எழும்பாமல், முழங்கால் உள்பக்கம் மடங்காமல் பத்து முறை போட்டால், அதுவே ஸ்குவாட். அது எளிதாகிவிட்டால் ஒரு 5 கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு செய்யலாம். அதற்கு ஜிம்முக்குச் சந்தா கட்ட வேண்டியதில்லை.

குனிந்து எடுப்பதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதை எனக்குச் சரியாகச் சொல்லிக்கொடுத்தவர் என் அம்மா. இருபத்தெட்டு ஆண்டுகள் இரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். முதுகுவலியோடு நான் வீட்டில் கிடந்தபோது, “எப்படிடா தூக்கின?” என்று கேட்டார். துடைப்பக் கட்டையைக் கம்பியாக வைத்துக் குனிந்து காட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “இப்படி எழுந்திருந்தா காண்டா முன்னால சரிஞ்சு பாலெல்லாம் மண்ணுலதான் போயிருக்கும்” என்றார். காண்டா என்பது இரண்டு முனையிலும் பால் வாளியைத் தொங்கவிட்டுத் தோளில் சுமக்கும் கழி.

பிறகு கட்டையை வாங்கித் தோளில் வைத்தார். இரண்டு காலையும் இடுப்பகலத்துக்கு வைத்து, உட்காருவதுபோல் இறங்கி, இரண்டு கைகளாலும் இல்லாத வாளிகளின் பிடியைப் பற்றிக்கொண்டார். ஒரு மூச்சு இழுத்தார். எழுந்தபோது இடுப்பும் மார்பும் ஒரே நேரத்தில் எழுந்தன; முதுகு கட்டையைப்போல் நேராக இருந்தது; கண் பத்தடி தூரத்தில் எதையோ பார்த்தது. அடி எடுத்துவைப்பதற்கு முன் அரை நொடி நின்றார். வாளி ஆடுவது அடங்குவதற்காகவாம். நான் பணம் கட்டிய இடத்தில் யாரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை: இடுப்பு முதலில் எழுந்து மார்பு பின்தங்கினால் சுமை முழுவதும் கீழ்முதுகில் இறங்கிவிடும், இரண்டும் ஒன்றாக எழுந்தால் சுமையைத் தொடையும் பிட்டமும் வாங்கிக்கொள்ளும். அம்மா காட்டியது பாதிக்கு மேல் ஸ்குவாட்தான். ஆனால் முதுகைப் பற்றிய பாடம் டெட்லிஃப்ட்டுக்கும், அதாவது கம்பியைத் தரையிலிருந்து எடுத்து நிமிர்வதற்கும், அதுவே. அதற்குப் பழக, துடைப்பக் கட்டையை முதுகோடு சேர்த்துப் பின்தலை, மேல்முதுகு, வாலெலும்பு மூன்றிலும் படும்படி பிடித்துக்கொண்டு, முழங்காலைச் சற்றே மடக்கி, பிட்டத்தால் பின்னாலிருக்கும் கதவை மூடுவதுபோல் குனிய வேண்டும். மூன்று இடங்களில் எந்த இடத்திலிருந்து கட்டை விலகினாலும் முதுகு வளைந்துவிட்டது என்று பொருள். இது இரண்டு வாரம் சரியாக வந்த பிறகு கம்பியைத் தொடலாம்.

அம்மா சுமந்தது எவ்வளவு இருக்கும் என்று எடைமேடைக்காரனின் புத்தி கணக்குப் போட்டது. வாளிக்கு நான்கு கேலன் என்று சொன்னார். ஒரு கேலன் ஏறக்குறைய 4.5 லிட்டர், ஆக வாளிக்கு 18 லிட்டர். பாலின் எடை தண்ணீரைவிடச் சற்றுத்தான் குறைவு. இரண்டு வாளி நிறைந்தால் 35 கிலோவுக்குக் குறையாது. அதோடு மேடும் பள்ளமுமான மண்பாதை, அட்டை, மழைநாளில் வழுக்கல். ஐம்பது கிலோகூட இல்லாத ஒரு பெண், மர நிரையிலிருந்து பால் கொட்டகைக்கு அதைச் சுமந்து போயிருக்கிறார்.

இதைக் கேட்டதும், தோட்டத்தில் உழைத்தவர்களுக்கு ஜிம் இருந்ததா, அவர்கள் இரும்பாட்டம் இல்லையா என்று கேட்கத் தோன்றும். எங்கள் ஊரில் அதைச் சொல்லாத பெரியவர் இல்லை. நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் நம்பினேன். ஆனால் அம்மாவின் முழங்கால்களைப் பாருங்கள். பாட்டியின் வலது தோள் இடதைவிடத் தாழ்ந்து இறுகிப்போயிருந்ததை நினைத்துப் பாருங்கள். உழைப்பு உடம்பைப் பலப்படுத்தியது உண்மை. அதே உழைப்பு உடம்பைத் தேய்த்ததும் உண்மை. சுமையை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. மரம் கொடுத்த பாலைச் சுமந்தார்கள். தசை வலித்தாலும் மறுநாள் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது பெயர் கூப்பிடும் வரிசைக்கு, வந்து நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அன்றைய பெயர் இல்லை. தசை பலமாவது எடையைத் தூக்கும் நேரத்தில் அன்று, தூக்கிவிட்டு ஓய்ந்திருக்கும் நேரத்தில் என்பதை அந்த வேலை ஒருநாளும் மதித்ததில்லை. ஜிம்மில் நாம் செய்வது அந்தச் சுமையிலிருந்து இரண்டு விஷயத்தில் மாறுபட்டது. எவ்வளவு தூக்குவது என்பதை நாம் முடிவு செய்கிறோம்; மறுநாள் தூக்காமல் இருக்கும் உரிமையும் நமக்கு இருக்கிறது. அந்த உரிமையைப் பயன்படுத்தாமல் வாரம் ஏழு நாளும் தூக்குகிறவனைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது.

ஓய்வு என்பதில் தூக்கமும் சேரும். ஏழு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கிவிட்டுப் புரத மாவு டப்பாவைத் தேடிப் போவது விழலுக்கு நீர் இறைப்பது. பயிற்சிக்கு மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ வருகிற தசைவலி இரண்டு மூன்று நாளில் போய்விடும். அது பயிற்சி நன்றாக நடந்ததற்குச் சான்றும் அன்று, வராவிட்டால் பயிற்சி வீண் என்பதும் இல்லை. மூட்டில் குத்துகிற வலி வேறு. அது வந்தால் அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டு, வலிக்காத வேறொன்றைச் செய்ய வேண்டும்.

நோட்டுப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. தோட்டத்தில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே அன்றைய பாலின் அளவு செக்ரோல் என்ற பதிவேட்டில் ஏறும். என் பயிற்சிக்கு நானே வைத்துக்கொண்ட செக்ரோல், இரண்டு வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கிய ஒரு நோட்டுப் புத்தகம். தேதி, பயிற்சி, எடை, எத்தனை முறை, உடம்பு எப்படி இருந்தது என்று ஐந்து பத்தி. போன புதன்கிழமை எவ்வளவு தூக்கினோம் என்பது நினைவில் நிற்கும் என்று நம்பாதீர்கள். நம் ஞாபகம் எப்போதும் நமக்குச் சாதகமாகத்தான் நிறுக்கும். தீபாவளிக்கு இரண்டு வாரம் விட்டுப்போனால் பழைய எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்துத் தொடங்குங்கள். ஒரு வாரத்தில் விட்ட இடத்துக்கு வந்துவிடலாம். எடை எழுதும்போது கிலோவா ராத்தலா என்பதையும் எழுதுங்கள். இதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை நம்மவர்கள் செலவழிப்பது தவறான இடத்தில். தசை வளர்ச்சிக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 கிராம் அளவில் புரதம் போதும் என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்ட அளவு. 70 கிலோ எடையுள்ளவருக்கு 112 கிராம். மூன்று முட்டையில் 18 கிராம். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய கோழித்துண்டு 150 கிராம் இருந்தால் அதில் 40க்கு மேல். இரண்டு கெம்போங் மீனில் 30 அளவில். புளிக்கவைத்த சோயாக் கட்டியான தெம்பேயில் 100 கிராமுக்கு 19. ஒரு கிண்ணம் பருப்பில் எட்டு ஒன்பது. கூட்டிப் பாருங்கள், டப்பா மாவுக்கு அவசியமே இல்லை. நேரமில்லாதவருக்கு அது ஒரு வசதி, அவ்வளவுதான். சைவ விரதக் காலத்தில் தெம்பே, தௌஹூ, பருப்பு, பால் என்று சமாளிக்கலாம். மலேசியாவில் இருந்துகொண்டு தெம்பேயைத் தொடாத தமிழ்க் குடும்பங்களைக் கண்டால் எனக்குப் புரிவதில்லை. குறைக்க வேண்டியது ஒன்று உண்டு: பயிற்சி முடித்த கையோடு ஒட்டுக்கடையில் உட்கார்ந்து இரண்டு ரொட்டி சானாயும் இனிப்பான தே தாரிக்கும். ஒரு ரொட்டியே ஏறக்குறைய 300 கலோரி. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரதத்தைக் கூட்டுவதற்கு முன் மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும்.

அது சிறிய எச்சரிக்கையாகத் தோன்றலாம்; நம்மிடையே சிறியதன்று. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், இந்நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு, சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய நீரிழிவு இருந்தது தெரியவந்தது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குத் தமக்கு அது இருப்பதே தெரியாது. பாதிக்கு மேற்பட்ட பெரியவர்கள் அளவுக்கு மீறிய எடையோடு இருந்தார்கள். நம் வீடுகளில் ‘இனிப்பு நீர்’ இல்லாத வீடு எது? தோட்டத்தை விட்டு வெளியேறிய ஒரு தலைமுறைக்குள் நாம் காவல் கொட்டகையிலும் ஓட்டுநர் இருக்கையிலும் கணினிக்கு முன்னாலும் உட்கார்ந்துவிட்டோம். சாப்பாட்டு அளவு மட்டும் பாட்டன் காலத்து அளவிலேயே நிற்கிறது. இரத்தத்தில் உள்ள சர்க்கரையை அதிகமாக வாங்கிக்கொள்வது தசைதான். தசை சுருங்கி விரியும்போது இன்சுலின் உதவி இல்லாமலும் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி, வாரத்துக்கு 150 நிமிடமாவது வேக நடை போன்றதைச் செய்யச் சொல்வதோடு நிற்காமல், வாரம் இரண்டு நாளாவது தசையைப் பலப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். மாலையில் திடலைச் சுற்றி நடக்கிறவர்கள் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டவர்கள்.

நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் பயிற்சியின்போது சர்க்கரை சட்டென்று இறங்கக்கூடும் என்பதால் பையில் மிட்டாய் வைத்திருக்க வேண்டும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கக் கூடாது. எழும்போது மூச்சை விட வேண்டும். நாற்பதைக் கடந்தவர்கள் தொடங்குவதற்கு முன் அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளட்டும். நடக்கும்போது நெஞ்சு இறுகுகிறவர்கள் மருத்துவர் சொல்லும்வரை எடையைத் தொடவே கூடாது. வயிற்றில் பிளாஸ்டிக்கைச் சுற்றிக்கொண்டு நம் வெயிலில் ஓடுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: அதில் போவது தண்ணீர், கொழுப்பு அன்று.

பெண்கள் எடை தூக்கினால் ஆண்களைப்போல் ஆகிவிடுவார்கள் என்ற பேச்சுக்கு அதிக இடம் கொடுக்க வேண்டாம். அந்த அளவுக்குத் தசை பருக்க வைக்கும் சுரப்பு அவர்கள் உடம்பில் மிகக் குறைவு. 35 கிலோவைக் காண்டாவில் சுமந்த பெண்களின் பேத்திகளிடம் இதைச் சொல்லத் துணிவு வேண்டும்.

அம்மாவுக்கு இப்போது அறுபத்தெட்டு வயது. போன ஆண்டுத் தைப்பூசத்தில் பத்துமலையின் 272 படிகளில் பாதியில் உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் நாற்காலிச் சோதனை ஒன்றைச் செய்து பார்த்தோம். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, முப்பது நொடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்து நிற்க முடிகிறது என்று எண்ணுவது. அறுபத்தைந்து முதல் அறுபத்தொன்பது வயதுக்குள் இருக்கும் பெண்ணுக்குப் பதினொன்றாவது வர வேண்டும். அம்மாவுக்கு ஏழு வந்தது. “வெட்டுக்குப் போனப்ப இப்படியா இருந்தேன்” என்று முணுமுணுத்தார். அன்று முதல் வாரம் மூன்று நாள், அதே நாற்காலியில் எட்டு எட்டாக எழுந்து உட்கார்ந்தார். முழங்கால் வலிக்கிற நாளில் நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டினோம். நான்காவது மாதம் பன்னிரண்டு வந்தது. இந்த ஆண்டு மேலே போய்விட்டு வந்தார், மூன்று இடத்தில் நின்று.

சென்ற வாரம் சுமந்து நடக்கும் பயிற்சியைத் தொடங்கினோம். இரண்டு 5.5 லிட்டர் தண்ணீர்ப் புட்டிகளை இரண்டு கையிலும் கொடுத்து, கார் நிற்கும் முன்வாசலில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்கச் சொன்னேன். மருமகன் கைப்பேசியில் நேரம் பார்த்தான். அம்மா இறங்கி, பிடியைப் பற்றி, மூச்சை விட்டுக்கொண்டே எழுந்து, பழைய வழக்கப்படி அரை நொடி நின்றார். நான்கு நடை நடந்துவிட்டுப் புட்டிகளைக் கீழே வைத்தார். “என்னடா இது,” என்றார், “ஒரு வாளிப் பாலுக்குக்கூடக் காணாது.”

நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்: சுமந்து நடத்தல், 11 கிலோ, நான்கு நடை. மருமகன் எட்டிப் பார்த்து, ‘கிலோ’ என்ற சொல்லுக்கு அடியில் ஒரு கோடு போட்டான்.